‘இன்னும் எவ்வளவு நாள், டாக்டர்?’

“டாக்டர் ஆறு மாதம் கெடு வைத்துவிட்டாராம்.” இந்தப் பேச்சைக் கேட்டறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. சில ஆண்டுகள் கழித்து அதே நோயாளியைப் பற்றி, “ஆறு மாதம் என்றார்கள், மனிதர் ஐந்து வருடமாகக் கடைத்தெருவுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்” என்றும் பேசிக்கொள்வார்கள். வேறொரு வீட்டிலோ, ஆறு மாதம் என்று சொல்லப்பட்டவர் ஆறு வாரத்தில் போய்விட்டிருப்பார். முதல் வீட்டார் மருத்துவத்தைக் கேலி செய்கிறார்கள்; இரண்டாம் வீட்டார் டாக்டரைத் திட்டுகிறார்கள். ஆனால், அந்த இரண்டு டாக்டர்களும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். அது எப்படி என்று பார்ப்போம்.

‘கெடு’ என்ற சொல்லிலேயே கோளாறு தொடங்குகிறது. கடன் கொடுத்தவர் வைப்பது கெடு. அதில் ஒரு தேதி உண்டு. அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு உரியது. டாக்டர் சொல்லும் ‘ஆறு மாதம்’ ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிய செய்தி. கூட்டத்தைப் பற்றிய செய்தி ஒற்றை மனிதரின் காதில் விழும்போது அது தேதியாக மாறிவிடுகிறது. தொல்லை முழுவதும் இங்கேதான்.

அயோடின் கற்பிக்கும் பாடம்

இயற்பியல் வகுப்பில் மாணவர்கள் அரை ஆயுட்காலம் என்பதைப் படிக்கிறார்கள். தைராய்டு புற்றுநோய்க்கு மருந்தாகத் தரப்படும் அயோடின்-131 என்னும் கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாள். பத்து லட்சம் அணுக்கருக்களை எடுத்துக்கொண்டால், 8 நாள் கழித்து ஐந்து லட்சம் மிஞ்சும். 16 நாளில் இரண்டரை லட்சம். 24 நாளில் ஒன்றேகால் லட்சம். இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து வரும்.

இப்போது ஒரு கேள்வி. எட்டு நாள் என்று சொல்லிவிட்டதால், அணுக்கருக்கள் எல்லாம் எட்டாம் நாள் மாலையில் சிதைகின்றனவா? இல்லை. முதல் நாளிலேயே எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவை சிதைந்துவிடும். மறுபுறம், 80 நாள் கழித்துப் பார்த்தாலும் சுமார் ஆயிரம் அணுக்கருக்கள் ஒன்றும் ஆகாமல் இருக்கும். குறிப்பிட்ட ஓர் அணுக்கருவைக் காட்டி, “இது என்றைக்குச் சிதையும்?” என்று கேட்டால் உலகில் எந்த இயற்பியலாராலும் பதில் கூற முடியாது. கூட்டத்தின் கணக்கு எத்தனை நுட்பமாகத் தெரிந்திருந்தாலும், தனி ஒன்றின் கணக்கு தெரிவதில்லை.

டாக்டர்களிடம் உள்ள எண்ணும் இத்தகையதே. புள்ளியியலில் இதனை இடைநிலை அளவு என்பார்கள். நோயாளிகளை அவர்கள் வாழ்ந்த கால வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் காலமே இடைநிலை. இதைச் சராசரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐந்து பேர் முறையே 2, 4, 8, 20, 66 மாதங்கள் வாழ்ந்தார்கள் என்று கொள்வோம். இடைநிலை 8 மாதம். சராசரியோ 20 மாதம். “எட்டு மாதம்” என்ற சொல் இந்த ஐவரில் எவருக்குப் பொருந்தியது? நடுவில் நின்ற ஒருவருக்கு மட்டும்.

ஒரு விஞ்ஞானி தம் எண்ணைத் தேடிய கதை

இதைத் தம் உயிரை வைத்தே சிந்தித்துப் பார்த்தவர் ஸ்டீபன் ஜே கோல்ட். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். புதைபடிவ உயிரினங்களை ஆராய்ந்தவர். பரிணாமக் கொள்கையைப் பொதுமக்களுக்கு அழகாக எழுதிக் காட்டியவர். 1982 ஜூலையில், நாற்பது வயதில், அவருக்கு வயிற்று உறையில் மெசோதெலியோமா என்னும் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கல்நார்த் தூசுடன் தொடர்புபடுத்திப் பேசப்படும் அரிய நோய் அது. அறுவை சிகிச்சை முடிந்ததும், இந்நோயைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று தம் மருத்துவரைக் கேட்டார். படிக்கத் தகுந்ததாக ஒன்றும் இல்லை என்று அந்த அம்மையார் பக்குவமாகச் சொல்லிவிட்டார். கோல்ட் சும்மா இருப்பாரா? நடமாட முடிந்தவுடன் ஹார்வர்டின் மருத்துவ நூலகத்துக்குப் போய்விட்டார். அங்கே எல்லா ஏடுகளும் ஒரே செய்தியைச் சொல்லின: குணப்படுத்த முடியாத நோய், கண்டுபிடித்த பின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம்.

கால் மணி நேரம் திகைத்து உட்கார்ந்திருந்ததாகப் பின்னர் எழுதியிருக்கிறார். அதன் பிறகு அவருடைய புள்ளியியல் அறிவு விழித்துக்கொண்டது. எட்டு மாதம் இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். யார் அவர்கள்? வயதில் இளையவர்கள், நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டவர்கள், நல்ல சிகிச்சை கிடைத்தவர்கள். இவை எல்லாம் தமக்கும் பொருந்துகின்றன. அடுத்ததாக, அந்தப் பரவலின் வடிவத்தை யோசித்தார். இடப்பக்கம் அது பூஜ்யத்தில் முட்டிக்கொள்கிறது. யாரும் பூஜ்யத்துக்குக் குறைவாக வாழ முடியாது. ஆகவே முதல் பாதிப் பேரும் பூஜ்யத்துக்கும் எட்டு மாதத்துக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்க வேண்டும். வலப்பக்கம் அப்படிப்பட்ட சுவர் இல்லை. அங்கே வால் நீண்டுகொண்டே போகலாம்.

1985-இல் இச்சிந்தனையைக் கட்டுரையாக வெளியிட்டார். புற்றுநோயாளிகளிடையே அது இன்றும் படிக்கப்படுகிறது. அவர் காலமானது 2002 மே மாதத்தில். கண்டுபிடித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், முந்தையதோடு சம்பந்தமில்லாத வேறொரு புற்றுநோயால்.

இதைப் படித்ததும், “அப்படியானால் எல்லோரும் இருபது வருடம் இருக்கலாம்” என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நீண்ட வாலில் இடம் உண்டு. ஆனால் அங்கே நிற்பவர் சிலரே. கோல்டின் வாதம் எட்டு மாதத்துக்குள் மறைந்த பாதிப் பேரை மறுக்கவில்லை.

வால்வும் நோயாளியும்

இந்த இடைநிலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எல்லா நோயாளிகளும் இறக்கும் வரை காத்திருந்தால் கணக்கு வருவதற்குள் மருந்துகளே மாறிவிடும். சிலர் ஊர் மாறிப் போய்விடுவார்கள். அவர்கள் நிலை தெரியாது. 1958-இல் எட்வர்டு கப்லான், பால் மையர் என்னும் இரு அமெரிக்கக் கணிதவியலார் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், மையர் புற்றுநோயாளிகளின் விவரங்களோடு போராடிக்கொண்டிருந்தார். பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் இருந்த கப்லானோ கடலடித் தொலைபேசி வடங்களில் பொருத்தும் வால்வுகள் எத்தனை காலம் உழைக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். தனித்தனியே எழுதிய இருவரும் கடைசியில் ஒரே கட்டுரையாகச் சேர்த்து எழுதினார்கள்.

முறை எளியது. பத்து நோயாளிகளில் இருவர் முதல் மூன்று மாதத்தில் இறந்தனர். எஞ்சியது பத்தில் எட்டு. அப்போது இருவர் வேறு ஊருக்குப் போய்விட்டனர். மீதி ஆறு பேரில் மூவர் அடுத்த மூன்று மாதத்தில் இறந்தனர். எஞ்சியது ஆறில் மூன்று. இரண்டு பின்னங்களையும் பெருக்கினால் 0.8 × 0.5 = 0.4. அதாவது ஆறு மாதம் கடப்போர் நூற்றுக்கு நாற்பது. ஊரைவிட்டுப் போனவர்களை இறந்தவர்களாகவும் எண்ணவில்லை, பிழைத்தவர்களாகவும் எண்ணவில்லை. கண்ணில் பட்ட வரை மட்டும் எண்ணியிருக்கிறோம்.

இவ்வாறு கிடைத்த எண்ணை ஒரு நோயாளிக்குப் பயன்படுத்துவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அயோடின் அணுக்கருக்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. மனிதர்கள் அப்படியல்லர். வயது, வேறு நோய்கள், எழுந்து நடமாடும் தெம்பு, கட்டியின் தன்மை என்று ஆளுக்கு ஆள் வேறுபாடு. தவிர, ஏட்டில் உள்ள எண் சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுடையது. 2001-இல் இமாடினிப் என்னும் மாத்திரை புழக்கத்துக்கு வந்ததும், நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குப் பாடநூல்களில் இருந்த பழைய ஆயுள் கணக்கு பயனற்றுப் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அணுக்கருவுக்குக் காது இல்லை. எட்டு நாள் என்று அதனிடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மறைத்த காலமும் சொல்லத் தொடங்கிய காலமும்

மனிதனுக்குக் காது உண்டு என்பதால்தான் மருத்துவர்கள் நெடுங்காலம் வாயைத் திறக்கவில்லை. ஹிப்போகிராட்டிஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில் ஒன்று, நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்லும் மருத்துவனை மக்கள் நம்புவார்கள் என்கிறது. மற்றொன்று, நோயாளியிடம் அவனுடைய எதிர்காலத்தைப் பற்றி வெளியிடாதே என்று எச்சரிக்கிறது. 1847-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்த ஒழுக்க விதிகளும், மருத்துவரின் சொல்லே நோயாளியின் ஆயுளைக் குறைத்துவிடலாம் என்று கருதின.

1961-இல் சிகாகோ நகரின் ஒரு மருத்துவமனையில் 219 டாக்டர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார்கள். புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே தம் விருப்பம் என்றார்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். அதே வினாத்தாளை 1979-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கொடுத்தபோது, சொல்வதே விருப்பம் என்றவர்கள் நூற்றுக்கு 97 பேர்! இடையே பதினெட்டு ஆண்டுகள்தான். சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் சம்மதம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. இறக்கும் நிலையில் உள்ளவர்களோடு அமர்ந்து பேசி எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய நூலும் இடையில் வந்தது. யாரும் சொல்லாமலே பல நோயாளிகள் தம் நிலையை அறிந்திருக்கிறார்கள் என்று அவர் அதில் காட்டினார்.

எல்லா நாடுகளிலும் காற்று ஒரே வேகத்தில் திரும்பவில்லை. 1989 ஜனவரியில் காலமான ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவுக்குப் புற்றுநோய் என்பது அவர் மறைந்த பின்னரே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அவரிடமும் அது சொல்லப்படவில்லை. நம் நாட்டில், “அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்” என்று மூத்த மகன் வராந்தாவிலேயே கேட்டுக்கொள்வது இன்றும் வழக்கம். அது அன்பினால் வருவது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அறைக்குள் அப்பா மகனுக்காகத் தெரியாதது போல் இருப்பார். மகன் அப்பாவுக்காகச் சிரித்துக்கொண்டு நிற்பார். பேச வேண்டியவை பேசப்படாமலே போகும்.

நோயின் பெயரைச் சொல்வது ஒன்று. காலத்தைச் சொல்வது வேறு. இரண்டாவதில் டாக்டர்கள் இன்றும் தடுமாறுகிறார்கள். சிகாகோவில் நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ், எலிசபெத் லமான்ட் ஆகியோர் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. இறுதிக்கால மருத்துவத் திட்டங்களில் சேர்ந்த 468 நோயாளிகள். அவர்களை அனுப்பிய 343 டாக்டர்கள். “இவர் இன்னும் எத்தனை நாள் இருப்பார்?” என்று டாக்டர்களையே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பின்னாக இருந்தாலும் சரி என்று தாராளமாக மதிப்பெண் போட்டும், சரியாகச் சொன்னது நூற்றுக்கு 20 கணிப்புகளே. 63 கணிப்புகள் அதிகப்படி, 17 குறைவு. மொத்தத்தில் உண்மையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீட்டிச் சொல்லியிருந்தார்கள். நோயாளியை நெடுநாள் பழகி அறிந்த டாக்டரின் கணிப்பு இன்னும் மோசம்! பாசம் அளவுகோலை வளைத்துவிடுகிறது போலும்.

அவர்களே அடுத்த ஆண்டில் புற்றுநோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர்கள் மனத்தில் கணித்தது, இடைநிலையாக, 75 நாள். நோயாளியிடம் சொல்லியிருக்கக்கூடியது 90 நாள். உண்மையில் அவர்கள் வாழ்ந்தது 26 நாள். பிழை இரண்டு படிகளில் ஏறுவதைக் கவனியுங்கள். முதல் படியில் டாக்டர் தம்மையே தேற்றிக்கொள்கிறார். இரண்டாம் படியில் நோயாளியைத் தேற்றுகிறார். நோயாளி வற்புறுத்திக் கேட்டாலும் மனத்தில் உள்ள கணிப்பை அப்படியே சொல்வோம் என்றவர்கள் நூற்றுக்கு 37 பேர்தான்.

இதனால் நஷ்டம் யாருக்கு? தொண்ணூறு நாள் இருக்கிறது என்று நம்பியவர் இன்னொரு சுற்று மருந்தை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாந்தியோடு கிடப்பார். இருபத்தாறு என்று தெரிந்திருந்தால் வீட்டுத் திண்ணைக்கு வந்திருப்பார். 2012-இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வு, உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிவிட்ட நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு மருந்தேற்றிக்கொண்டவர்களை விசாரித்தது. இந்நிலையில் அம்மருந்து ஆயுளைச் சற்று நீட்டலாம்; குணப்படுத்தாது. இதைப் புரிந்துகொள்ளாதிருந்தவர்கள் நுரையீரல் நோயாளிகளில் நூற்றுக்கு 69 பேர். பெருங்குடல் நோயாளிகளில் 81 பேர். டாக்டர் தம்மிடம் மிக நன்றாகப் பேசுகிறார் என்று புகழ்ந்தவர்களிடமே இந்தத் தவறான எண்ணம் அதிகமாக இருந்தது.

எப்படிச் சொல்கிறார்கள்?

பேசும் முறையையே இப்போது ஒரு பயிற்சியாகக் கற்பிக்கிறார்கள். ராபர்ட் பக்மன் முதலானோர் 2000-இல் வெளியிட்ட ஆறு படி முறை உலகெங்கும் வழங்குகிறது. அதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, டாக்டர் தாம் அறிந்ததைச் சொல்வது நான்காம் படியில்தான் வருகிறது என்பது. அதற்கு முன்பு ஓசையற்ற இடத்தில் உட்கார வேண்டும். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும். பின் இரண்டு படிகள் அவருடைய துயரத்துக்கு இடம் கொடுப்பதும் அடுத்துச் செய்ய வேண்டியதைத் திட்டமிடுவதும்.

கற்பனையாக ஓர் உரையாடலைப் பாருங்கள்.

“ஐயா, உங்கள் உடம்பைப் பற்றி இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள்?”

“கட்டி ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அதற்கு மேல் பையன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான்.”

“இனி எப்படிப் போகும் என்று நான் விவரமாகச் சொல்லட்டுமா? சிலர் எல்லாவற்றையும் கேட்க விரும்புவார்கள். சிலர், வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம் என்பார்கள். உங்களுக்கு எது சௌகரியம்?”

“சொல்லுங்கள் டாக்டர். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவருடைய கேள்வி இருக்கிறது. எத்தனை மாதம் என்பதைவிட, தை மாதம் நான் மணவறையில் நிற்பேனா என்பதே அவர் அறிய விரும்புவது. கல்யாணத்தை ஆவணிக்கு முன்தள்ளலாமா என்று யோசிக்க டாக்டர் அவருக்கு உதவலாம். “வேண்டாம், சொல்லாதீர்கள்” என்று அவர் கூறியிருந்தால் அதையும் மதிக்க வேண்டும். தெரிந்துகொள்வது அவர் உரிமை. தெரியாமலிருப்பதும் அவர் உரிமை.

எண்ணைச் சொல்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர் சிலர், பல மருந்துச் சோதனைகளின் விவரங்களைத் தொகுத்து, 2011-இல் ஒரு வாய்ப்பாட்டை வெளியிட்டனர். இடைநிலை 12 மாதம் என்று கொள்வோம். ஒற்றை எண்ணாக அதைச் சொல்லாமல் டாக்டர் இப்படிச் சொல்லலாம்: “உங்களைப் போன்ற நூறு பேரில் பத்துப் பேர் மூன்று மாதத்துக்குள் போய்விடக்கூடும். ஐம்பது பேர் ஆறு மாதத்துக்கும் இரண்டு வருடத்துக்கும் இடையில். பத்துப் பேர் மூன்று வருடம் தாண்டியும் இருப்பார்கள். நீங்கள் எந்தப் பத்தில் என்று எனக்குத் தெரியாது.” அதாவது இடைநிலையில் கால்பங்கு, அரைப்பங்கு, இருமடங்கு, மும்மடங்கு. மனத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

கணிதம் அறிந்த மாணவர் இதைக் கதிரியக்கச் சிதைவு விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரை ஆயுட்காலம் 12 மாதமான ஒரு பொருளில் நூற்றுக்குப் பத்து சிதைய 1.8 மாதமும், இருபத்தைந்து சிதைய 5 மாதமும், எழுபத்தைந்து சிதைய 24 மாதமும், தொண்ணூறு சிதைய 40 மாதமும் ஆகும். மருத்துவர்களின் 3, 6, 24, 36 இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தொடக்கத்தில் மனிதர்கள் சற்று மெதுவாகக் குறைகிறார்கள். மருந்துச் சோதனையில் சேர்பவர்கள் ஓரளவு தெம்புள்ளவர்கள் என்பது காரணமாகலாம்.

இவ்வாறு மனம் திறந்து பேசினால் நோயாளி ஒடிந்துபோவாரே, ஆயுள் குறையாதா? பாஸ்டன் நகரில் நடந்து 2010-இல் வெளியான ஒரு சோதனை இங்கே உதவும். பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதியினருக்கு அதோடு, தொடக்கம் முதலே வலி தணிப்புக் குழுவினரின் கவனிப்பு. நோயின் போக்கைப் பற்றிய பேச்சும் அதில் அடங்கும். இரண்டாம் பிரிவினரிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் கடும் சிகிச்சைகளும் குறைவு. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். பேச்சு ஆயுளை நீட்டும் என்று இந்த ஒரு சோதனையை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1847-ஆம் ஆண்டு விதிகள் அஞ்சியது போல் அது ஆயுளைக் குறைக்கவில்லை என்ற மட்டில் கொள்ளலாம்.

ஒருமுறை பேசி முடித்துவிடும் விஷயமும் அன்று இது. ஓராண்டைக் கடந்துவிட்டவருக்குப் பழைய எண் செல்லாது. அவரையும் அவரைப் போல் ஓராண்டு கடந்தவர்களையும் கொண்டு புதிய கணக்குப் போட வேண்டும். மருந்து கட்டியைச் சுருக்கியிருந்தால் எண் ஒரு பக்கம் நகரும். ஆள் படுக்கையில் விழுந்துவிட்டால் மறு பக்கம். ஆகவே, ஒவ்வொரு பெரிய பரிசோதனைக்குப் பின்னும் டாக்டரிடம் மறுபடி கேட்பதில் தவறில்லை.

கேட்கும்போது, “எத்தனை நாள்?” என்பதைவிட, “வருடக் கணக்கா, மாதக் கணக்கா, வாரக் கணக்கா, நாள் கணக்கா?” என்று கேட்டால் டாக்டர்களும் தயங்காமல் சொல்கிறார்கள். இறுதி நெருங்க நெருங்க இக்கணிப்பு தேறிவரும். சாப்பாடு நின்று, தூக்கம் பெருகி, கைகால் குளிர்ந்து, மூச்சு விட்டுவிட்டு வரும்போது, அடுத்து வருவதை அனுபவமுள்ள நர்ஸ் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அதுவரை பொறுத்திருந்தால், வெளிநாட்டில் உள்ள மகன் வந்து சேர்வதற்குள் நினைவு தப்பியிருக்கும். “வாரக் கணக்கு” என்ற சொல் டாக்டர் வாயிலிருந்து வந்த அன்றைக்கே அவர் டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.